மாமா கடித்த பனங்கட்டி

ஷார்ஜாவில், ரோலாவின் கடைத்தெருவை ஒட்டிய கட்டடம் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். பள்ளி விட்டு வந்ததும் நான் எங்கள் வீட்டுக்குப் போவதில்லை, எதிர்வீட்டுக்குப் போவேன். அம்மா ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். அவர் டூட்டி முடிந்து வரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டது எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. அந்தக் கதவு மூடினால் அம்மாவின் வேலை போய்விடும் என்பது எனக்கே தெரியும்.

அந்த வருடம் என் தாய்மாமா வந்து சேர்ந்தார். இந்தியக் காலாட்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே ஒரு கிடங்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். ராணுவத்தில் அவர் கடைசியாகப் போனது அமைதிப்படையோடு இலங்கைக்கு. முதல் நாளே அம்மா அவரிடம் சொல்லிவிட்டார்.

“எதிர்வீட்ல கேட்டா அஸ்ஸாம்ல இருந்தேன்னு சொல்லுண்ணே. அவங்க மனசு கோணிட்டா இவள யார்ட்ட விட்டுட்டு நான் டூட்டிக்குப் போறது?”

“அஸ்ஸாம்லயும் இருந்திருக்கேன்ல? பொய்யில்லயே,” என்றார் மாமா.

சண்டையைப் பற்றி நான் கேட்டால் அவர் பூட்ஸைப் பற்றிச் சொல்வார். மழைக்காலத்தில் கழற்றாமலே கிடந்து, கழற்றியபோது சாக்ஸோடு தோலும் உரிந்து வந்ததாம். கண்ணிவெடிக்குப் பயந்து தார்ச்சாலையை விட்டு வயலுக்குள் இறங்கித் தன் ஆட்களை நடத்திப் போவாராம். ரோலாவில் தெருவில் கிடக்கும் காலி டப்பாவைக்கூட என்னை உதைக்க விடமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா எங்கள் எல்லோரையும் தேநீருக்கு அழைத்தார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. தட்டில் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி, எங்கள் ஊர்க் கருப்பட்டிதான். அதைக் கடித்துக்கொண்டே குடிப்பது அவர்கள் ஊர் வழக்கம். அப்பா முதல் முறை அதைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கி, “இதென்ன அண்ணை, பாயாசமோ?” என்று அக்காவிடம் கேலி வாங்கியிருக்கிறார். மாமாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. துண்டை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தைக் கொஞ்சம் கடித்து, ஒரு மிடறு குடித்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதை ஆர் உங்களுக்குப் பழக்கினது?”

அம்மா மாமாவையே பார்த்தார். மாமா கோப்பையைக் கீழே வைத்தார்.

“எங்க சென்ட்ரி போஸ்ட்டுக்கு எதிர்வீட்டு அம்மா. வீடுகள்ல எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது, விஷம் இருக்கும்னு எங்களுக்கு ஆர்டர். அது அவங்களுக்கும் தெரியும்போல. எங்க முன்னால மொதல்ல அவங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டு, அப்புறம்தான் ஊத்துவாங்க. நாங்க கேக்கல.”

“எந்த ஊரிலை?”

மாமா ஊர்ப் பெயரைச் சொன்னார். அக்கா திரும்பி, அமைதிப்படை அங்கே இருந்தபோது செத்துப்போன தன் தம்பியின், சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தார். பள்ளிச் சட்டை போட்ட படம்.

“ஆறப்போகுது,” என்றார். “குடியுங்கோ.”

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “அஸ்ஸாம்னு சொல்ல வாய் வரலயா?”

“வரல.”

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பிய அம்மா, எதிர்வீட்டு மணிக்குக் கையை நீட்டிவிட்டு அழுத்தாமல் நின்றார். கதவை அக்காவே திறந்தார்.

“பிள்ளை மத்தியானம் வருந்தானே? புட்டு அவிச்சு வைக்கிறன்.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். லிஃப்டுக்குள் போனபிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா எதிர்வீட்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா எங்கள் வாசலுக்கே வந்து கூப்பிட்டார்: “அண்ணையும் வரவேணும்.”

போனோம். அதே தட்டு, அதே பனங்கட்டி. அக்கா கேத்தலிலிருந்து முதலில் தன் கோப்பைக்கு ஊற்றினார். உட்காரவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தபடி ஒரு மிடறு குடித்தார். அதன் பிறகுதான் மாமாவுக்கு ஊற்றினார்.

மாமா இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, நிமிராமல் குடித்து முடித்தார். அம்மா தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அக்கா மேல்தான் கோபம். வந்தவருக்குக் கொடுக்காமல் தான் முதலில் குடிப்பது என்ன பழக்கம், நான் செய்திருந்தால் அம்மா விட்டிருப்பாரா என்று நினைத்தேன். மாமா தொடாமல் வைத்துவிட்ட பனங்கட்டி தட்டிலேயே கிடந்தது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.