வான்கோழி வெள்ளை

டெல்பர்ட் ஹம்ரிக் வாய் மூடி இருந்து யாரும் பார்த்ததில்லை. மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலைச்சரிவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். சாலை செப்பனிடும் வண்டியை ஓட்டுவது அவர் வேலை. எதிரே வருபவனை நடுரோட்டில் நிறுத்திக் கதை அளப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்று நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் பிங்கோ விளையாட்டுக்கு எண்களைக் கூவுவதும் அவர்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நக்கல் கைவசம் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ஊரில் இத்தனை ஊமைக்கோட்டான்கள் இருக்க, தொண்டையில் போய் புற்றுநோய் வந்தது. கடவுள் செய்யும் சில காரியங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு போவதும் வருவதும் கழுத்தடியில் இருக்கும் ஒரு துளை வழியாகத்தான். தூசு உள்ளே போகாமலிருக்க அதன்மேல் வெள்ளையாக ஒரு பஞ்சுத் திண்டு ஒட்டியிருக்கும். பேசுவதற்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். முகம் மழிக்கும் கருவி அளவுதான். தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால், புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாய் முளைத்ததுபோல ஒரு குரல் வரும். அந்தக் குரலை அவர் மனைவி ரெவாவைத் தவிர வேறு யாரும் கேட்டதில்லை. கேட்க அவர் விடவில்லை.

போதாக்குறைக்கு இருமல் வேறு. இருமினால் கழுத்துத் துளை வழியே, லாரி பிரேக் காற்று விடுவதுபோலப் படீரென்று ஒரு சத்தம். ஒருநாள் தேவாலயத்தில், பிரசங்கத்தின் நடுவே அது வந்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரெவா உள்ளே போவாள். இவர் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரல் பிறந்து வான்கோழி வேட்டை தொடங்கியது. வேட்டைக்கு வாய் தேவையில்லையே என்று அவருக்குப் பட்டது. ரெவாவுக்கு அப்படிப் படவில்லை.

"அது பொதுக்காடு, டெல்பர்ட். எவனெவனோ வருவான். ஒருத்தன் உன்ன நோக்கித் துப்பாக்கியோட வந்தா என்ன பண்ணுவ? கத்துவியா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இலையுதிர்காலத்து மான் வேட்டைக்கு எல்லோரும் பளிச்சென்ற ஆரஞ்சு உடுப்பில் போவார்கள். வான்கோழிக்கோ கண் மகா கூர்மை, நிறமும் தெரியும். அதனால் வசந்தகால வேட்டைக்காரர்கள் இலைதழை அச்சிட்ட துணியில் மரத்தோடு மரமாக உட்கார்ந்து, பெட்டைக்கோழி மாதிரி கூப்பிட்டுச் சேவலை வரவழைப்பார்கள். இன்னொருவன் நெருங்கிவிட்டால் கையாட்டக் கூடாது, கோழி மாதிரியும் சத்தம் போடக் கூடாது. அசையாமல், மனிதக் குரலில், உரக்கப் பேச வேண்டும். அங்கே துப்பாக்கி பிடிப்பதற்கு முன்னால் படிக்கும் பாடமே இதுதான்.

"மிஷின எடுத்துக்கிட்டியா?" என்று கதவருகே நின்று கேட்டாள் ரெவா.

டெல்பர்ட் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். பைக்குள் இருந்தது பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி. மிஷின் வண்டியின் முன்பெட்டிக்குள், கையுறைகளுக்கு அடியில் கிடந்தது. காட்டில்கூட அந்தச் சனியன் என் கழுத்தில் தொங்க வேண்டுமா என்ற ஆத்திரம் அவருக்கு.

சரளைக்கல் பரப்பிய நிறுத்தத்தில் வேறு வேட்டைக்காரர் வண்டி எதுவும் இல்லை. கீழே ஓடையில் மீன் பிடிக்க வந்த இரண்டு மூன்று பேர் பெரிய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் தலையசைத்துவிட்டு மலை ஏறினார். பாதி ஏற்றத்திலேயே மூச்சு திணறியது. கழுத்தைச் சுற்றியிருந்த தழைநிறத் துணி துளையை அடைத்தது. அதைக் கீழே இழுத்துவிட்டு, காற்றை ஆசைதீர உள்ளே வாங்கிக்கொண்டு ஏறினார். பிறகு அதைத் திரும்ப மேலே இழுத்துவிட மறந்துபோனார்.

முகட்டுக்குச் சற்றுக் கீழே, தோளைவிட அகலமான ஓக் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தார். துப்பாக்கி முழங்காலில், குழல் ஓடைப்பக்கம். மடியில் தேவதாரு மரப்பெட்டி. அதன் மூடியைச் சுண்ணக்கட்டி தடவி உரசினால் பெட்டை கூப்பிடுவதுபோலவே சத்தம் வரும். உரசினார். முகட்டுக்கு அப்பால் ஒரு சேவல் கடகடவென்று பதில் சொன்னது. டெல்பர்ட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெட்டியை வைத்தாவது ஒரு உயிரிடம் பேச முடிகிறதே! இன்னொருமுறை உரசினார், கொஞ்சம் குழைந்து.

சேவல் பதில் சொல்லவில்லை. வலப்பக்கம் ஒரு சுள்ளி முறிந்தது.

கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினார். வெள்ளைப்பூ பூத்த டாக்வுட் மரத்துக்குப் பின்னால் இலைதழைத் துணி ஒன்று குனிந்து நகர்ந்தது. மனிதன். முகட்டின் மறுபக்கம் வண்டியை விட்டு ஏறி வந்திருக்கிறான். பெட்டைச் சத்தத்தைத் தேடி ஊர்ந்து வருகிறான். செய்யவே கூடாதது அது. மடப்பயல் என்று நினைத்தார். அந்த மடப்பயலின் துப்பாக்கி மெல்ல உயர்ந்தது. குழல் வந்து நின்ற இடத்தைப் பார்த்ததும்தான் டெல்பர்ட்டுக்கு விஷயம் உறைத்தது.

வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும். வேட்டைக்கு வருகிறவன் அந்த நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வைத்திருக்க மாட்டான். டெல்பர்ட்டும் உள்சட்டை முதற்கொண்டு பார்த்துத்தான் உடுத்தியிருந்தார். ஆனால் கழுத்தில் ஒட்டியிருக்கும் திண்டு அவருக்கு உடுப்பாகவே தோன்றவில்லை, அது உடம்போடு சேர்ந்துவிட்டது. அவர் மூச்சுக்கு மூச்சு அந்த வெள்ளை மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. புதருக்கு மேல் சேவல் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பது போலவே.

கையைத் தூக்கி மறைத்தால் அசைவு, சுட்டுவிடுவான். பெட்டியை உரசினால் கோழி, சுட்டுவிடுவான். தன் துப்பாக்கியை வெடித்தால் போதும், ஆள் இருப்பது தெரிந்துவிடும். ஆனால் குழல் காட்டும் திசையில், கீழே, ஓடையில் ஆட்கள் நிற்கிறார்கள். அவர் விரலை எடுத்துவிட்டார். மூச்சை அடக்கினார், வெள்ளை நின்றது. எவ்வளவு நேரம் அடக்க முடியும்? 'டேய், நான் மனுஷன்டா' என்று உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ரெவா எப்போதும் காபிக் கோப்பையோடு நிற்கும் ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. வாழ்க்கையில் அவர் இவ்வளவு பயந்ததே இல்லை. புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட இல்லை.

அடக்கிய மூச்சு நெஞ்சை முட்டியது. மூச்சாக விட்டால் வெள்ளை அசையும். அவர் அதை இருமலாக விட்டார். படீர்! திண்டு தெறித்து மடியில் விழுந்தது.

குழல் ஆடியது. "யாரது?"

டெல்பர்ட் மறுபடி இருமினார்.

"யாராவது இருக்கீங்களா? இருந்தா பேசுங்க! பேசுங்கன்னா!"

துப்பாக்கி இன்னும் தோளில்தான் இருந்தது. அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்டு டெல்பர்ட்டுக்கு இன்னும் பயம் கூடியது. நடுங்குகிறவன் விரல் எதையும் அழுத்தும். தேவாலயத்தில் அடக்கியது, கடையில் அடக்கியது, அத்தனையையும் சேர்த்து இருமினார். கண்ணில் நீர் வழிய, வயிறு வலிக்க, காடே கேட்கும்படி இருமினார்.

துப்பாக்கி தாழ்ந்தது.

புதரை விலக்கிக்கொண்டு ஓடிவந்தவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பயம் கோபமாகத் திரும்பியது.

"வாய்ல என்னய்யா வெச்சிருக்க? ஒரு வார்த்த பேசினா என்ன? கொன்னிருப்பேன்யா!"

டெல்பர்ட் முகவாயைத் தூக்கிக் கழுத்துத் துளையைக் காட்டினார்.

அவன் அப்படியே சருகில் உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தான். "வெள்ளையா அசைஞ்சுது சார். தலைன்னு நெனச்சேன். சேஃப்டி லாக்கக்கூட எடுத்துட்டேன்."

ஊர்ந்து வந்ததற்கு அவனை நாறடிக்க டெல்பர்ட்டின் வாயில் நாற்பது வருடச் சரக்கு இருந்தது. உதட்டை மட்டும் அசைத்து ஒன்றைச் சொன்னார். "என்ன சார்?" என்றான் அவன், பணிவாக. இப்படித் திட்டுவதில் என்ன சுகம்!

முகட்டுக்கு மேலே சேவல் கடகடவென்று கத்தியது, வெகு அருகில். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். துப்பாக்கியை யாரும் தொடவில்லை.

அவன் பெயர் ட்ரெண்ட் ஷிஃப்லெட். கீழே இறங்கும்வரை டெல்பர்ட்டின் துப்பாக்கியையும் அவனே சுமந்தான். நிறுத்தத்தில் மீன்பிடிக்காரர்கள் வண்டிப் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டெல்பர்ட் முன்பெட்டியைத் திறந்தார். கையுறைகளைத் தள்ளி மிஷினை எடுத்தார். இன்னொரு கையில் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். அந்தக் குரலில் அவர் போன் பேசியதே கிடையாது.

"ஹலோ?" என்றாள் ரெவா.

"நான்தான்," என்றது மிஷின். ட்ரெண்ட் திடுக்கிட்டான். சிரிக்கவில்லை.

"டெல்பர்ட்? என்ன ஆச்சு? எதுக்கு போன் பண்ற?"

"மிஷின வண்டியிலயே விட்டுட்டுப் போயிட்டேன். உன்கிட்ட பொய் சொன்னேன். ஒருத்தன் என்ன வான்கோழின்னு நெனச்சுட்டான்."

மறுமுனையில் கரகரவென்று சத்தம் விட்டுவிட்டு வந்தது. மலைக்கு நடுவே போன் எப்போதும் அப்படித்தான்.

"ஒண்ணும் கேக்கல டெல்பர்ட்! உனக்கு ஒண்ணும் இல்லியே? இருக்கியா? கத்திச் சொல்லு!"

டெல்பர்ட் மிஷினின் சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பினார்.

"இருக்கேன்!" என்றார். மீன்பிடிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இருக்கேன், ரெவா!"