கறுப்பு வெள்ளையில் ஒரு நெற்றி

கதிரேசன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் சுபாங் ஜெயாவில் ஒரு நிச்சயதார்த்தத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் தங்கைதான் அழைத்தாள். "அண்ணன் காலையில எந்திரிக்கலண்ணே" என்றாள். பெண் வீட்டார் தாம்பாளத்தோடு காத்து நின்றார்கள். மிச்சப் படங்களை எப்படி எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிக் கடையில் நாங்கள் இருவரும் கூட்டாக ஸ்டூடியோ நடத்தியதை நீங்கள் அறிவீர்கள். நான் எடுப்பேன், அவர் கணினியில் திருத்துவார். ஒரே வயது, நேரில் வாடா போடாதான். எழுத உட்கார்ந்தால் 'அவர்' வந்து விழுகிறது. கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு பொத்தான் போதும் என்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும், எது வெளுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு மாப்பிள்ளை தன்னைக் கொஞ்சம் வெள்ளையாக்கச் சொன்னார். "பாஸ், ஒங்க கருப்புலதான் வெளிச்சம் நல்லா நிக்குது. வெளுத்தா மூஞ்சி தட்டையாப் போயிரும் லா" என்றார் கதிரேசன். மாப்பிள்ளை அந்தப் படத்தையே பெரிதாக்கி வாங்கிப் போனார்.

இனி, கிள்ளான் பக்கம் பண்டமாரானில் நடந்த விஷயம். உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் கேட்டது உண்மையல்ல.

ஓர் அறுபதாம் கல்யாணப் படம். விழா முடிந்த சில நாளில் கணவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். கதிரேசன் காய்ச்சலில் கிடந்ததால் படத்தை நானே கறுப்பு வெள்ளையாக்கினேன். முகம் பளிச்சென்று வரட்டும் என்று சிவப்பை வெளுக்க வைத்தேன். குங்குமமும் சிவப்புதானே, அதுவும் தோலோடு கலந்துவிடும் என்ற புத்தி எனக்கில்லை. காய்ச்சல் விட்டு அவரும் கூட வர, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உறையைப் பிரித்த அந்த அம்மா படத்தில் தன் வெறும் நெற்றியைப் பார்த்தார். "அவரு இன்னும் ஆஸ்பத்திரியிலதான்பா இருக்காரு" என்றார். மகன் எங்களை அடிக்காத குறை.

நான் வாயைத் திறக்குமுன் கதிரேசன் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர்ல வேல பார்த்தது நான்தாண்ணே. இவனுக்கு ஒன்னும் தெரியாது." மடிக்கணினியைத் திறந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். "ஆன்டி, பொட்டு எவ்வளவு பெருசா வைப்பீங்க?" அம்மா விரல் நுனியைக் காட்டினார். அந்த இடத்துச் சிவப்பை மட்டும் கதிரேசன் கொஞ்சங் கொஞ்சமாகக் கறுக்க வைத்துக்கொண்டே வந்தார், அம்மா "போதும்பா" என்று சொல்லும் வரை. மறுநாளே புதுப் படம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது.

வண்டியில் ஏறியதும், ஏன்டா இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நாளைக்கும் கேமராவத் தூக்கிக்கிட்டு ஜனங்க வீட்டுக்குள்ள போறவன் நீ. ரூமுக்குள்ள ஒக்காந்திருக்கிறவன யாரு பாக்கப் போறா?" என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். கிள்ளான் முழுக்க அவருக்குப் 'பொட்டழிச்ச கதிரேசன்' என்று பெயர் வந்தது. கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். இன்று வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள்கூட அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எழவு வீட்டில் ஒருவர் பிரியத்தோடுதான் அந்தக் கதையை எடுத்தார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவருடைய கணினியைத் தங்கை என்னிடமே கொடுத்துவிட்டாள். அதைவிட எனக்குச் சேர வேண்டியது ஒன்று உண்டு. அந்த அம்மாவின் பொட்டை அழித்தவன் நான். இனி அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறேன்.