எதிர்க்கடை எபிரேயம்

பிள்ளை பெறுகிறவளுக்கு வலி ஒரு நாள்தான்; அந்தப் பிள்ளைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறவனுக்கு, அது பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும் வலி; பெயரை மாற்றித் தரச் சொல்லி வந்துகொண்டே இருப்பார்கள். திருக்கழுக்குன்றத்தில் முப்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பிறந்த நேரம் சொன்னால் நட்சத்திரம் பார்ப்பேன். நட்சத்திரத்துக்கு உரிய நாலு எழுத்தை எடுப்பேன். அதில் ஒரு பெயரைக் கோத்து, எழுத்துகளுக்கு உரிய எண்களின் கூட்டுத்தொகை சரியாக வருகிறதா என்று பார்த்து, மஞ்சள் தடவிய தாளில் எழுதித் தருவேன்.

போன வருஷம் என் கடைக்கு நேர் எதிரே எஸ்தர் அம்மா குழந்தைத் துணிக்கடை திறந்தார். நெம்மேலிக்காரர். பன்னிரண்டு வருஷம் இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். சட்டையில் குழந்தையின் பெயரை மெஷினில் பின்னிக் கொடுப்பார். அது அந்த நாட்டு மொழியான எபிரேயத்துப் பெயராக இருந்தால் அர்த்தத்தையும் சொல்வார், இலவசமாக. எதிர்க்கடை வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், அந்த 'இலவசமாக' எங்கே குத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதே சமயம் என் ஒரே மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தவன், என் பேரப்பிள்ளைக்கும் நான்தான் வைப்பேன் என்று மனதுக்குள் எழுதி ஒட்டிவிட்டேன்.

என் எழுத்து, அவர் பெயர்

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு தம்பதி ஆண் குழந்தையோடு வந்தார்கள். கேட்டை நட்சத்திரம். முதல் எழுத்து 'நோ'. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், 'நோ' வந்தால் நோவுதான். அதில் தொடங்க உருப்படியாக ஒரு பெயர் கிடையாது. அடுத்த எழுத்தான 'யா'வுக்குத் தள்ளிவிடுவதுதான் என் வழக்கம். யாதவ், யாழினியன் என்று நான் அடுக்க, அவர்களோ 'நோ'தான் வேண்டும் என்று பிடித்த பிடியில் நின்றார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அவர்கள் நேராக எதிரே சட்டை வாங்கப் போனார்கள். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். குழந்தை நெஞ்சில் 'நோவா' என்று நீல நூல். ஆறுதல் என்று அர்த்தமாம். எனக்குத்தான் அது கிடைக்கவில்லை. அந்தத் தகப்பன் பெரிய மனதோடு சொன்னான்: "எழுத்து உங்களோடது, பேரு அவங்களோடது. ரெண்டு பேருக்கும் தேங்க்ஸ் சார்!"

ஆடு

அதற்குப் பிறகு எதிர்ப்பக்கம் எப்போதும் கூட்டம். ஜான் என்றால் கடவுள் அருளினார், டேவிட் என்றால் அன்புக்குரியவன், சாரா என்றால் இளவரசி. ஐம்பது வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தவர்கள்கூட, இன்றைக்குத்தான் வைத்த மாதிரி பூரித்துப் போனார்கள். என்னிடம் பெயர் வாங்கிய எவனும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஒரு நாள் படாளத்திலிருந்து ரேச்சல் என்று ஒரு நர்ஸ் வந்தாள். எஸ்தர் அம்மா கொஞ்சமும் தயங்காமல், "பெண் ஆடுன்னு அர்த்தம்மா" என்றார். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இன்றைக்குச் சண்டை நிச்சயம் என்று நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணோ கைதட்டிச் சிரித்தாள்: "எங்க நைனாவுக்கு ஆடுன்னா உசுரு! பதினெட்டு ஆடு கீது வூட்ல, என்னோட பத்தொம்போது!"

துப்பறிந்தது

சும்மா இருந்தால் ஆகாது என்று போனில் தேட ஆரம்பித்தேன். மூன்று நாள் தேடியதில் ஒரு புதையல் கிடைத்தது. எஸ்தர் என்ற பெயரே எபிரேயம் இல்லை, பாரசீகமாக இருக்கலாம் என்கிறார்கள்! ஊருக்கெல்லாம் எபிரேயம் சொல்கிறவர் பெயரே வெளியூர். சட்டையை மாற்றிக்கொண்டு, நெற்றியில் புதிதாக விபூதி பூசிக்கொண்டு, கடையில் நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து எதிரே போனேன்.

"உங்கள் பேரைப் பற்றி ஒரு விஷயம் படித்தேன்" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அவரே முடித்துவிட்டார். நூல் கோத்துக்கொண்டிருந்த ஊசியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை: "ஆமா ஜோசியரே, அது பாரசீகம்னுதான் சொல்றாங்கோ. நட்சத்திரம்னு அர்த்தம். உங்க தொழிலு என் பேர்ல கீது, பாத்தீங்களா!"

பிரசவத்துக்கு வந்த மகள்

கவிதா மறைமலை நகர்ப் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த நாலாம் நாளே எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். போனவள் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. பெற்ற மகள் அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரிப்பதை இந்தப் பக்கமிருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் அந்த எரிச்சல்.

பெண் குழந்தை பிறந்தது. அனுஷம். நா, நி, நு, நே. இரண்டு நாள் கணக்குப் போட்டு, கூட்டுத்தொகை ஆறு வரும்படி, உலகத்தில் இன்னொரு குழந்தைக்கு இருக்காது என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரு பெயரைக் கட்டினேன்: நிவிக்‌ஷா. கவிதா தாளை வாங்கிப் பார்த்தாள். மடித்தாள். "நவோமின்னு முடிவு பண்ணிட்டோம்ப்பா. இனிமைன்னு அர்த்தம். வெளிநாடு போனாலும் கூப்பிட ஈஸி" என்றாள். 'ந' வேறு, 'நா' வேறு, 'நி' வேறு என்று நான் சாஸ்திரம் பேசினேன். எண்ணைக் காட்டிப் பயமுறுத்தினேன். கடைசியில் கெஞ்சவும் செய்தேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "தொழில்ல நீங்க பெரியவர்தாம்ப்பா. ஆனா இது என் கொழந்த."

காதில் மூன்று முறை

பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். எங்கள் வழக்கத்தில் அது அத்தையின் உரிமை. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லாததால் என்னைச் சொல்லச் சொன்னார்கள். எஸ்தர் அம்மாவும் வந்திருந்தார். 'நவோமி' என்று ரோஜா நிற நூலில் பின்னிய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் அந்தச் சட்டையைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் முப்பது வருஷம் எழுதிய தாள்களை ஒருவரும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

குனிந்தேன். வெற்றிலையால் குழந்தையின் காதை மறைத்துக்கொண்டேன். நிவிக்‌ஷா, நிவிக்‌ஷா, நிவிக்‌ஷா. யோசித்துச் செய்ததில்லை, பொறாமை சொன்னது, வாய் செய்தது. நிமிர்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், எஸ்தர் அம்மாவைத் தவிர. அவருக்குக் கேட்டுவிட்டது. கவிதாவிடம் சொல்லிவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட எழுந்து போகும்வரை பொறுத்திருந்து, என் அருகில் வந்து, கேலி ஒரு துளி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார்: "நல்லாத்தான் கீது ஜோசியரே. அர்த்தம் இன்னா?"

எழுத்து தெரியும், எண் தெரியும். அர்த்தம் என்று ஒன்றை நான் அதில் வைக்கவே இல்லை.

எதிர்க்கடைக்காரரைப் பார்த்து வயிறு எரிகிற சகோதரர்களே, தாராளமாக எரியுங்கள். ஆனால் அவர் கேட்கக்கூடிய ஒரே ஒரு கேள்விக்காவது பதிலைக் கையில் வைத்துக்கொண்டு எரியுங்கள்.