செயின் கழற்றிய நாள்

எழுபதுகளில் நானும் என் அண்ணனும் ஒரே காண்டிராக்டரிடம் வேலை செய்தோம். அண்ணன் புல்டோசர் ஓட்டுவான். நான் அந்த வண்டிக்கு மெக்கானிக். புத்தலப்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரையை உயர்த்தும் வேலை. மண் முழுக்கச் சரளை. வண்டி ஊர்ந்து போகிற இரும்புச் செயினை அது அரம்போல் தேய்த்துவிடும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், உருளைகளுக்கு நடுவே அடைத்த மண்ணை அண்ணன் கடப்பாறையால் குத்திக் குத்தி எடுப்பான். அதற்கப்புறம்தான் கைகால் கழுவுவான்.

ஒரு கோடையில் இடப்பக்கச் செயின் பல்சக்கரத்தை விட்டு வழுக்க ஆரம்பித்தது. கழற்றித்தான் ஆகவேண்டும். இறுக்கிப் பிடித்திருந்த கிரீஸை வால்வு வழியே மெல்ல வெளியேவிட்டு, செயினைத் தளர்த்தினேன். அதன் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரேயொரு இரும்புப் பின். அது துருவேறி இறுகிக் கிடந்தது. நீள இடுக்கியால் ஓர் இரும்புத் துண்டை நான் அதன்மேல் வைத்துப் பிடிக்க, அண்ணன் சம்மட்டியால் அடித்தான். கண்ணுக்குக் கண்ணாடி போடுகிற வழக்கமெல்லாம் அப்போது எங்கள் சைட்டில் கிடையாது.

"நவுந்துச்சா?"

"நவுருது அண்ணா."

அடுத்த அடியில் இரும்பிலிருந்து ஒரு சில்லு தெறித்தது. அண்ணன் சம்மட்டியை மெதுவாகக் கீழே சாய்த்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வடிந்தது.

மண் லாரியிலேயே திருப்பதிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒரே ஒருமுறை பேசினான்.

"செயின் பாதியில கீதுடா. போய் முடிச்சிடு."

அந்தக் கண்ணை எடுக்காவிட்டால் இன்னொன்றும் போய்விடலாம் என்று டாக்டர் தெலுங்கில் சொன்னார். சித்தூரிலிருந்து அண்ணி வந்து சேர்ந்தாள். என்னிடம் அவன் செருப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். அவசரத்தில் அதை ஏரிக்கரையிலேயே விட்டிருந்தோம்.

நான் திரும்பிப்போய், வேறு ஆட்களை வைத்துக்கொண்டு செயினை மாட்டி முடித்தேன்.

கண்ணை எடுத்த புண் ஆறியபின் அண்ணன் மறுபடி வண்டி ஏறினான். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கரைமேல் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனவன், நான் அலறியதும் நிறுத்தினான். செயினில் பாதி கரையைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. இறங்கி வந்து குனிந்து பார்த்தான்.

"எனக்கு இன்னும் தூரம் இருக்கற மாரிதாண்டா தெரிஞ்சுது."

வண்டியைப் பின்னால் எடுத்தது நான்தான். அன்றிலிருந்து ஓட்டுவதும் நானே என்று ஆகிப்போனது.

அவன் வடமாலபேட்டையில் ஒரு ரைஸ் மில்லில் காவலுக்குப் போய்விட்டான். சில ஞாயிறுகளில் கோயில் ஆராதனை முடிந்து பார்க்கப் போவேன். ஒருநாள் காபி குடித்துவிட்டு டம்ளரைப் பலகையில் வைக்கப் போனான். விளிம்புக்கு இந்தப் பக்கமே விட்டுவிட்டான். உருண்டு ஓடிய டம்ளரை அண்ணி எடுத்துக்கொண்டு போனாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"வண்டியில உக்காந்துகினு என்னையே நெனைச்சிக்கினு இருக்காதடா," என்றான் அண்ணன். "முன்னால பாத்து ஓட்டு."

உள்ளே அண்ணி குழாயைத் திறந்துவிட்டாள். டம்ளர் கழுவுகிற சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.