கட்டூம்பா, 1976: டாக்டர் கையில் கைத்தடி

"...இந்தக் காலோட இனிப் பாறை ஏறேலாது எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான், தம்பி!" என்கிறார் யாழ்ப்பாணத்து டாக்டர். சிட்னிக்கு மேற்கே, நீலமலைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்கிறோம். ஆல்ப்ஸ் சிகரங்களிலெல்லாம் ஏறிவிட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், போன வருடம் எதிரே நிற்கும் இந்தப் பாறையிலிருந்துதான் விழுந்தார். அவருடைய முறிந்த கணுக்காலுக்குப் பிளேட் வைத்தவர் இந்த டாக்டர். இன்று அந்த மனிதர் கைத்தடியை இவரிடமே கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டிருக்கிறார்.

"விழுந்த இடம் வந்திட்டுது," என்று டாக்டர் மூச்சைப் பிடிக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர் அதே காலை விரலளவு விளிம்பில் ஊன்றி, எம்பி, அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறார்.

"அப்போ நீங்க சொன்னது பொய்யா, டாக்டர்?"

"ஓம், முழுப் பொய்! உவன் நடக்கப் பிறந்தவனில்லை, தொங்கப் பிறந்தவன்!"

உச்சியிலிருந்து ஒரு கூவல் கேட்கிறது. டாக்டர் கைத்தடியைத் தலைக்கு மேல் சுழற்றிப் பள்ளத்தாக்குக்குள் வீசுகிறார்.