ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவள்

எங்கள் இல்லத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று. அத்தனை பேரும் ஒரே நாளிலா பிறந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. தாய் தகப்பன் இல்லாமல் வருகிற பிள்ளைக்குப் பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் திறக்கிற நாளையே எழுதிவிடுவோம். எழுதுகிறவன் நான். பெயர் சுதர்சனம், சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. தூத்துக்குடியிலிருந்து பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகிற சாலையில் இருந்த அந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்தில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். நாளும் மாதமும் எப்படியோ போகட்டும், வருஷமாவது சரியாக இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். பேச்சித்தாய்க்கு நான் வருஷத்தையும் பொய்யாக எழுதினேன்.

1961, வைகாசி மாதம். முத்துக்குளிப்பு முடிந்தும் சிப்பி நாற்றம் ஊரை விட்டுப் போகாத நேரம். வெள்ளத்துரை என்று ஒருவர் வந்தார். ஏரல் பக்கத்தில் வயல் வேலை செய்கிறவர். வேலை இல்லாத மாதங்களில் சிப்பிக் கொட்டகையில் கூலிக்கு வந்தவர். இடுப்பில் தங்கை மகள் பேச்சித்தாயை வைத்திருந்தார்.

“தங்கச்சி போயிட்டா சாமி. தகப்பன் எங்கன இருக்கான்னே தெரியல. எனக்கே அஞ்சு பிள்ளைய. என்ன செய்யன்னு தெரியாம வந்து நிக்கேன்.”

“வயசு என்ன?”

“வார தை மாசத்துக்கு நாலு முடியும்.”

ஐந்து முடிந்த பிள்ளையைத்தான் நாங்கள் சேர்க்கலாம். அதற்குக் கீழே என்றால் மதுரையில் இருந்த சிசு இல்லத்துக்கு எழுதிப் போட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, ஒரு ஆயாவையும் கூட்டிக்கொண்டு நானே ரயிலேறிக் கொண்டுபோய் விட வேண்டும். மறுநாள் எங்கள் ஊரில் கருட சேவை. ஒன்பது பெருமாளும் கருடன் மேல் வந்து நிற்பதைப் பார்க்காத வருஷம் எனக்குக் கிடையாது. ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கடிகாரத்தில் நாலேகால்.

அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வயது பார்க்கிற முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் சேர்க்கலாம். கண்காணிப்பாளர் ஜேசுபாதம் அடுத்த அறையில் இருந்தார். பிள்ளையை அவர் முன்னால் கொண்டு நிறுத்தினேன். கையை மடக்கித் தலைமேல் வைத்தேன். விரல் பாதித் தலை வரைகூட வரவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் தலையில் என் உள்ளங்கையை வைத்து நன்றாகச் சாய்த்துப் பிடித்தேன். இன்னொரு கையால் அவள் முழங்கையை மேலே தள்ளினேன். அப்போதும் எட்டவில்லை. என் பெருவிரலை அவள் காதுமேல் வைத்து மறைத்துக்கொண்டேன். கூச்சத்தில் அவள் கெக்கெக்கென்று சிரித்தாள்.

“தொட்டுட்டாளா? சரி, எழுதுங்க” என்றார் ஜேசுபாதம்.

1-6-1956 என்று எழுதினேன். வெள்ளத்துரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பஸ் கிடைத்தது. கருட சேவையும் அந்த வருஷம் நன்றாகவே நடந்தது.

இரக்கப்பட்டுத்தான் எழுதினேன், இல்லாவிட்டால் அந்த மனுஷன் பிள்ளையை எங்கேயாவது விட்டுவிட்டுப் போயிருப்பான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பஸ்ஸுக்காக எழுதினேன்.

பேச்சித்தாய் ஒன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாள். மூன்றாம் வகுப்பிலும் இரண்டு வருஷம். எட்டாம் வகுப்பிலும் அப்படியே. ஒவ்வொரு முறை தங்கும்போதும் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ‘மந்தம்’ என்று எழுத வேண்டும். மூன்று இடத்திலும் என் கையெழுத்துதான். பிள்ளைகள் அவளை ‘மந்தப் பேச்சி’ என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள். யாராவது கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால், “எனக்கு வராதுக்கா, நான் மந்தம்லா” என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், சிரித்துக்கொண்டே.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. எழுபதில் இல்லத்தில் மணல்வாரி அம்மை வந்து பதினான்கு சின்னப் பிள்ளைகள் படுத்துவிட்டன. ஆயாக்களே கிட்டப் போகத் தயங்கினார்கள். பேச்சித்தாய் பாயை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புறங்கையை நெற்றியில் வைத்து யாருக்கு எவ்வளவு காய்ச்சல் என்று சொல்லுவாள். டாக்டர் வந்து தர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். “இந்தப் பொண்ண நர்ஸுக்குப் படிக்க வைங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினெட்டு முடிந்தால் இல்லத்தை விட்டுப் போய்விட வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவர்களுக்கு நிர்வாகக் குழு மேலே ஒரு வழி காட்டும். டைப்ரைட்டிங், ஆசிரியர் பயிற்சி, நர்ஸ் பயிற்சி என்று எதிலாவது சேர்த்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை செலவையும் பார்த்துக்கொள்ளும். அது வரைக்கும் வராதவர்களுக்கு, கிடைக்கிற வேலையில் ஏற்றிவிடுவதோடு சரி. கடைசி வகுப்புக்கு வந்து நிற்கிறவர்களை மட்டும், குழு மனது வைத்தால், ஒரு வருஷம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

1974 மே மாதக் கடைசியில் குழு கூடியது. பேச்சித்தாய் அப்போது பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். இன்னும் ஒரே வருஷம் இருந்தால், அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்த எஸ்.எஸ்.எல்.சி.யை எழுதிவிடலாம். அந்த ஒரு வருஷம்தான் அவளுக்கு எல்லாம்.

“இந்தப் பொண்ணு எப்படி?” என்று தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதிவேட்டைப் பார்த்து வாசிப்பது என் வேலை. “மூணு வகுப்புல தங்கியிருக்கா. கொஞ்சம் மந்தம்” என்றேன்.

“அப்போ இன்னும் ஒரு வருஷம் வச்சு என்ன பிரயோசனம்?”

அவளுக்குப் பதினாறு வயதுதான் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், பதினெட்டு என்று எழுதியது யார் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். தலைவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

ஜூன் ஒன்றாம் தேதி ஒன்பது பேர் வெளியேறினார்கள். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, இரண்டு செட் துணி, ஒரு நடத்தைச் சான்றிதழ். புதுத் துறைமுகத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த சமயமாதலால் பையன்களில் நாலு பேருக்கு அங்கே வேலை ஆகியிருந்தது. பேச்சித்தாய்க்கு உப்பளம். சான்றிதழை என்னிடம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “வாரேன் சார்” என்றாள். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பதினாறு வயது.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் உப்பளத்துப் பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து ஓடி வந்தாள்.

“சார், நல்லா இருக்கியளா? பெரிய சார் நல்லா இருக்காவளா?”

முகம் கறுத்து ஒடுங்கியிருந்தது. காலைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெடித்து, துணி சுற்றியிருந்தாள். அவளுக்கு மட்டுமல்ல, கூட வந்த பெண்களின் கால்களிலும் அதே மாதிரி நேர்த்தியாகக் கட்டு. கட்டிவிட்டது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. “அவசரமா போறேன்மா” என்று சொல்லிவிட்டு நடந்தேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. மறுநாளிலிருந்து ஆபீசுக்கு வேறு தெரு வழியாகப் போனேன். அந்தத் தெரு சுற்று. கால் மணி நேரம் கூட ஆகும். மூன்று வருஷம் அப்படித்தான் போனேன்.

1978 ஜூனில் குழு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இல்லத்தை விட்டுப் போன பெண்களில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவர்களை ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ப்பது. சாப்பாடு, தங்கும் இடம், முடித்ததும் அங்கேயே வேலை. ஜூலை ஒன்றாம் தேதி இருபத்தொரு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. நோட்டீசை டைப் அடித்து ஒட்டியதும் நான்தான். எனக்குச் செப்டம்பரில் ஐம்பத்தெட்டு முடிகிறது. அதற்கு மேலும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதாகக் குழுவில் பேச்சு இருந்தது. அதை நம்பித்தான் இருந்தேன்.

நோட்டீஸ் ஒட்டி நாலாம் நாள் மத்தியானம் பேச்சித்தாய் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“பாஸ் பண்ணிட்டேன் சார். தனியா எழுதுனேன். கணக்குல ரெண்டு மட்டம் பெயிலாப் போச்சு. மூணாவது மட்டம் வந்துட்டு.”

புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“வயசுதான் சார் கூடிப்போச்சு. இருபத்தொண்ணுக்குள்ளன்னு போட்டிருக்கு. எனக்கு இருபத்திரெண்டு.” அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஒங்க ரிஜிஸ்தர்ல அம்பத்தாறுல உள்ள அந்த ஆற எட்டாக்கி, ஒரு லெட்டர் குடுத்தா போதும்னு உப்பளத்துல ஒரு அக்கா சொல்லுதாவ. பொய் எழுதச் சொல்லிக் கேக்காளேன்னு தப்பா நெனைக்காதிய சார். பாவம்னு எனக்கும் தெரியும். எனக்கு வேற ஆள் இல்ல. இங்கன வந்த அன்னைக்கி நீங்க என் தலையில கைய வச்சு ஆசீர்வாதம் பண்ணுனிய. அந்த நாள்ல அது ஒண்ணுதான் எனக்கு நெனவு இருக்கு. அந்த உரிமையிலதான் கேக்கேன்.”

பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ஒரு கோடு இழுத்தால் ஆறு எட்டாகிவிடும். எழுத்துப் பிழை என்று நாலு வரி எழுதி ஒரு முத்திரை வைத்தால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவளுக்கு இடம் கிடைக்கும், எனக்கு இரண்டு வருஷம் கிடைக்கும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் இவள் போய் அந்த ஆஸ்பத்திரியில் பொய் சொல்லிச் சேர்ந்தவளாகக் காலமெல்லாம் பயந்துகொண்டிருப்பாள். அந்தப் பொய்க்காக எனக்கு நன்றியோடும் இருப்பாள். அந்த நன்றியை நினைத்தபோதுதான் எனக்கு உடம்பு கூசிவிட்டது. பேனாவைக் கீழே வைத்தேன்.

“அது பொய் இல்ல பேச்சித்தாய். நீ ஐம்பத்தெட்டுல, தை மாசம் பிறந்தவ. உன் மாமா சரியாத்தான் சொன்னார். நான்தான் ஐம்பத்தாறுன்னு எழுதினேன்.”

அவளுக்குப் புரியவில்லை. “எதுக்கு சார்?”

“எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிடுத்து.”

இதைக் கேட்ட அவள் முகத்தை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. கோபம்கூட இல்லை அதில். நான் ஏதோ வேறு யாரைப் பற்றியோ சொல்கிறேன் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் வைத்தது ஆசீர்வாதம் இல்லை என்பதையும் சொன்னேன். காது எட்டவில்லை, அதனால் பிடித்துச் சாய்த்தேன் என்றேன். அவள் தன்னையறியாமல் கையைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். பிள்ளையைக் கொண்டுவந்தவர் சொன்ன வயது இன்னது, நான் தெரிந்தே மாற்றி எழுதியது இன்னது, காரணம் இன்னது என்று ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். அந்தக் கடிதத்தால் அவளுக்கு இடம் கிடைத்தது. எனக்கு அந்த இரண்டு வருஷம் கிடைக்கவில்லை. ஜேசுபாதம் கடிதத்தைப் படித்துவிட்டு, கடைசி நாள்வரை என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததையும் நான் எழுதியிருந்தேன். இதெல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான், குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு நான் எழுதி முடித்ததும் பேச்சித்தாய் அந்தக் காகிதத்தை வாங்கி, நின்றபடியே வாசித்தாள். உதடு அசைய அசைய, ஒவ்வொரு வரியாக வாசித்தாள். முடித்ததும் திரும்ப என் மேஜைமேல் வைத்தாள்.

“இதுல வயசு மட்டும்தான் இருக்கு சார்.”

“வேற என்னம்மா வேணும்?”

அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். “ஒண்ணாப்புல ஒக்காந்தப்ப எனக்கு மூணு வயசு. கூட இருந்த பிள்ளையளுக்கு அஞ்சு, ஆறு. அப்ப எனக்கு எப்படி சார் வரும்?” மடக்கிய விரலை விரிக்காமலே கேட்டாள். “நான் மந்தம் இல்லதான சார்?”

“இல்லம்மா.”

“அதையும் எழுதிருங்க.”

கையெழுத்துக்கு மேலே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. ‘இந்தப் பெண் மந்தமானவள் அல்ல. அப்படி மூன்று முறை எழுதியதும், குழுவில் சொன்னதும் என் குற்றம்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை அவள் இரண்டு தரம் வாசித்தாள். அப்புறம்தான் அழுதாள்.