தங்கைக்கு ஜூனியர்

மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவர், என் விண்ணப்பத்தில் இருந்த அப்பாவின் பெயரையும் முகவரியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “போன வருஷம் இங்கே சேர்ந்த பெண்ணுக்கு நீ தம்பியா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இல்லை சார், அண்ணன்” என்றேன். எல்லோரும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு மதிப்பெண்களைப் பார்த்தார்கள். பெங்களூரில் அது நல்ல குளிர்காற்று அடிக்கும் ஜூன் மாதம். என் சட்டைக் காலருக்குள் வியர்வை இறங்கியது.

பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டி எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியது. அப்பா மைசூர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. நான் பள்ளியில் படிக்கும்போதே, “பெரியவன் டாக்டருக்குப் படிக்கப் போறான்” என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நானோ பள்ளி முடிந்து இரண்டு வருடம் படிக்கும் இன்டர்மீடியட் தேர்வில் பௌதிகத்தில் தோற்றேன். செப்டம்பரில் மறுபடி எழுதி, மூன்றாம் வகுப்பில் ஒட்டிக்கொண்டு தேறினேன். ஊர் சுற்றியோ சினிமா பார்த்தோ தோற்றிருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். புரியவில்லை என்று யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, புரிந்தவன்போலத் தலையாட்டியே இரண்டு வருடங்களைக் கழித்திருந்தேன்.

அப்பா திட்டவில்லை. “சரி, விடு” என்றார், அவ்வளவுதான். ஆனால் தினமும் மாலையில் அலுவலக நண்பர்களோடு ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர், அதை நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்றார். அதே முழங்காலோடு மார்க்கெட்டுக்குப் போய் அரிசி மூட்டை தூக்கிவர அவரால் முடிந்தது. அவர் மாலையில் நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வீட்டைவிட்டு வெளியே ஓடவேண்டும்போல இருக்கும். வெளியே போனால் தெருவில் யாராவது ரிசல்ட்டைப் பற்றிக் கேட்பார்களோ என்று பயம்.

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா என் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, “இந்த மார்க்குக்கு அப்ளிகேஷன் போடறதே வேஸ்ட்டுப்பா. பி.எஸ்ஸி. சேரு, நல்ல கிளாஸ் வாங்கிட்டு வா, அப்பப் பாக்கலாம்” என்றார். அப்படித்தான் அடுத்த ஜூனில் பி.எஸ்ஸி.யில் சேர்ந்தேன். அதே ஜூனில், என்னைவிட இரண்டு வயது சின்னவளான என் தங்கை இன்டர்மீடியட்டில் சேர்ந்தாள்.

முதல் மாதத்திலேயே அவள் பௌதிகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். “அண்ணா, இந்த லென்ஸ் பாடம் ஒண்ணுமே புரியலை. சொல்லிக் குடு.” நான் தோற்ற பாடத்தை என்னிடமே கேட்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் தெரியாது என்று தங்கையிடம் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் சொல்கிறேன் என்று சமாளித்து, அன்று முழுவதும் உட்கார்ந்து படித்தேன். மறுநாள் சொன்னேன். அவள் விடாமல் கேள்வி கேட்டாள். பதில் தெரியாத கேள்விகளுக்காக மறுபடி படித்தேன். வெப்பம், ஒளி, காந்தம் என்று மாதக்கணக்கில் இது நடந்தது. அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பதுபோல ஓசைப்படாமல் போவாள். என் பி.எஸ்ஸி. பாடங்களும் எனக்கு மெல்லப் பிடிபட ஆரம்பித்தன. பல நாள் கழித்து நான் நிமிர்ந்து நடந்தேன்.

ஒருநாள் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தங்கை உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். தோழி என்னிடம் சும்மா பேச்சுக் கொடுத்தாள். “உங்க தங்கச்சி இல்லேன்னா நாங்கெல்லாம் பௌதிகத்துல அவ்ளோதான். பொண்ணுங்க ரூம்ல உக்கார வெச்சு எங்களுக்கு அவதான் பாடம் எடுக்கறா. லென்ஸெல்லாம் சேர்ந்த புதுசுலயே முடிச்சுட்டா.”

அவள் போனதும் தங்கையைக் கூப்பிட்டேன். “உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியுமா?”

அவள் பின்னலின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் கேக்கலேன்னா நீ அந்தப் புக்கைத் தொறக்கவே மாட்டியே, அண்ணா.”

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, முகம்தான் எரிந்தது. அதன்பிறகும் அவள் புத்தகத்தோடு வந்தாள், நானும் சொல்லிக் கொடுத்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவள் இன்டர்மீடியட்டை முதல் வகுப்பில் முடித்தாள். மருத்துவக் கல்லூரியில் முதல் பட்டியலிலேயே இடம் கிடைத்தது. அம்மா கேசரி கிளறினாள். அன்று மாலை அப்பாவின் முழங்கால் சரியாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பினார். நான் சிரித்துக்கொண்டே கேசரி சாப்பிட்டேன். மீதியை யாரும் பார்க்காதபோது கொல்லைப்பக்கக் காக்கைகளுக்குப் போட்டேன்.

மறுவருடம் எனக்கும் பி.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு வந்தது. அந்த நேர்முகத் தேர்வில் வியர்த்து விறுவிறுத்தாலும் எனக்கும் இடம் கிடைத்தது. அப்போது அவள் இரண்டாம் ஆண்டு, நான் முதலாண்டு. முதல் நாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளிடம், “காலேஜ்ல என்னை அண்ணான்னு கூப்பிடாதே” என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “சரி” என்றாள். சொன்னபடியே, கல்லூரி வாசலில் இறங்கியதும் யாரோ எவரோ என்பதுபோல முன்னால் நடந்து போய்விட்டாள்.

இரண்டாம் வாரம் பிணம் அறுக்கும் கூடத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். பிணம் கெடாமலிருக்க ஏற்றும் ஃபார்மலின் நெடி கண்ணை எரித்தது. ஆசிரியர் துணியை விலக்கினார். மேசையில் கிடந்த முதியவரின் கால் விரல்களை நான் பார்த்தேன். பிறகு நினைவில்லை. கண் திறந்தபோது சிமென்ட் தரையில் கிடந்தேன். “நீரு, நீரு” என்று யாரோ கன்னடத்தில் கத்தினார்கள். அடுத்த மேசையில் இருந்த சீனியர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பையெல்லாம் கிழித்துக்கொண்டு, “அண்ணா!” என்று ஒரு குரல் வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்த மேசையிலிருந்து தங்கை ஓடிவந்தாள்.

“உங்க அண்ணனா?” என்றான் ஒரு சீனியர், நம்பாமல்.

“ஆமா. என் சொந்த அண்ணன். என்ன இப்ப?” என்றாள். அவன் விலகினான்.

என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்து மரத்தடியில் உட்கார வைத்தாள். நான் தலை நிமிரவில்லை. தோற்றவன், மூன்றாம் வகுப்புக்காரன், இப்போது மயங்கி விழுந்தவன். அதுவும் இவள் கண்முன்னால். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“போன வருஷம் நானும் விழுந்தேன். அந்தப் பின்பக்கச் சுவர்கிட்ட வாந்தி எடுத்தேன். ரெண்டு மூணு மாசம் சோறே இறங்கலை. பசங்க தெனமும் கிண்டல் பண்ணுவாங்க. படிப்பே வேண்டாம்னு நின்னுடலாமான்னு இருந்துச்சு. வீட்ல சொல்லலை, நீயும் சொல்லிடாதே.”

அந்த ஒரு வருடமும் நாங்கள் ஒரே வீட்டில், ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். அவள் தட்டில் சோறு மீந்ததை நான் பார்த்திருக்கத்தான் வேண்டும். அவள் கல்லூரியிலிருந்து வந்ததும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அவள் சொல்லும் கல்லூரிப் பேச்சு காதில் விழுந்தால் என் தோல்வி ஞாபகம் வரும். எப்படி இருக்கிறது, என்ன படிக்கிறாய் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. மதிப்பெண்களுக்காக நான் பட்ட வெட்கமெல்லாம் அந்த மரத்தடியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அவளிடம் கேட்காமல் விட்ட வெட்கம்தான் நின்றது.

இப்போது இருவருக்கும் எண்பது கடந்துவிட்டது. அவள் தன் மகளோடு நகரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். இந்தப் போக்குவரத்தில் நான் அங்கே போய்வர முடிவதில்லை. மாலையில் தொலைபேசியில் கூப்பிடுகிறேன். “இன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு” என்பேன். “என்னத்த ஆகும் இந்த வயசுல?” என்பாள். நான் தொலைபேசியை வைக்காமல் காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் அவள் சொல்ல ஆரம்பிப்பாள்.